ஓவியத்தில் பெண்ணின் தலைமுடி: யாரைக் கேட்டு வரைந்தார்கள்?

நோட்டன் பிரிட்ஜ் கடைத்தெருவில் வாப்பா சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருந்தார். கெசல்கமுவ ஓயாவை மறித்துக் கட்டிய அணைப் பக்கமிருந்து ஏறிவரும் பனி, பின்னேரம் மூன்று மணிக்கே கடைக்குள் நுழைந்துவிடும். துணிகளில் எப்போதும் ஓர் ஈர வாடை இருக்கும். சம்பள நாளில் தோட்டத்துப் பெண்கள் வருவார்கள். "முதலாளி, சாயம் போகாத துண்டா பாத்துக் குடுங்க" என்று தலைத்துண்டு கேட்பார்கள். பெருநாள் நெருங்கினால் எங்கள் பெண்கள் ஷோல் கேட்டு வருவார்கள். இரண்டும் ஒரே இறாக்கையில்தான் அடுக்கியிருந்தது. மேல்தட்டில் ஷோல், கீழ்த்தட்டில் தலைத்துண்டு. ஒரே துணியை இரண்டுக்கும் வெட்டிக் கொடுத்த நாட்களும் உண்டு.

வாப்பா இல்லாத நேரங்களில் கல்லாவில் நான்தான் இருப்பேன். அப்படி ஒருநாள் கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா, துண்டை மாற்றிக் கட்டிப் பார்ப்பதற்காகப் பழையதை அவிழ்த்தார். பின்னால் சடை நீளமாக, நல்ல கறுப்பாக இருந்தது. உச்சியில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு முடி மெலிந்து தோல் தெரிந்தது. நான் பார்ப்பதைக் கண்டுவிட்டு, "கூடைக் கயிறு தின்னுருச்சு தங்கச்சி" என்று சிரித்தார். கொழுந்துக் கூடையின் பாரம் முழுவதையும் தாங்கும் கயிறு விழுவது அந்த இடத்தில்தான். பதினைந்து வயதிலிருந்து அவருக்கு அந்த இடத்தில் கயிறு விழுந்திருக்கிறது.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. நான் சித்திர ஆசிரியை. சில வருடங்களுக்கு முன் பாடசாலைக் கண்காட்சிக்காக 'என் தாய்' என்ற தலைப்புக் கொடுத்திருந்தேன். தோட்டத்துப் பிள்ளைகள் தங்கள் அம்மாக்களைப் பூச்சூடிய நீண்ட சடையோடு வரைந்தார்கள். ஒருவர் தலையிலும் துண்டு இல்லை, கூடையும் இல்லை. முஸ்லிம் பிள்ளைகள் பெரும்பாலும் ஷோல் போட்ட உம்மாவை வரைந்தார்கள். ஒரே ஒரு பிள்ளை மட்டும், பத்து வயது இருக்கும், தன் உம்மா குசினி வாசற்படியில் உட்கார்ந்து ஈரத் தலையைச் சிக்கெடுப்பதை வரைந்திருந்தாள். முடி அவ்வளவும் ஒரு பக்கத் தோளில் விழுந்து கிடந்தது. தண்ணீர் வர்ணத்தில் கறுப்புக்குள் நீலத்தைக் கலந்து அந்த ஈரத்தை எப்படியோ பிடித்திருந்தாள். கண்காட்சியிலேயே அதுதான் ஆகச் சிறந்த படம். அவள் மெதுவாகக் கிட்ட வந்து, "டீச்சர், இத மாட்ட வேணாம்" என்றாள். "படந்தானே பிள்ள, போட்டோ இல்லையே" என்று சொல்லி நான் மாட்டிவிட்டேன்.

மறுநாள் அவளுடைய உம்மா வந்தார். படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். கோபப்படவில்லை. "டீச்சர், படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா என்னய யாரும் கேக்கல்லயே" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. படத்தைக் கழற்றிச் சுருட்டிக் கையில் கொடுத்தேன்.

உருவம் வரைவது கூடுமா கூடாதா என்பதில் உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாடு வாசகர்கள் அறிந்ததே. அதற்குள் நான் போகவில்லை, எனக்கு அந்தத் தகுதியும் இல்லை. என்னைக் குடைந்தது வேறொன்று. ஒரு பெண்ணின் தலைமுடி படத்தில் தெரிய வேண்டுமா மறைய வேண்டுமா என்பதை இதுவரை யார் முடிவு செய்து வந்திருக்கிறார்கள்? இதைத் தேடிக்கொண்டு போனபோது, எதிர்பாராத ஓர் இடத்தில், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வாழும் ஆபிரிக்க வம்சாவளி ஓவியர்களிடம் போய் நின்றேன். தலைமுடியைப் பற்றி அவர்கள் அளவுக்கு ஓவியத்தில் யோசித்தவர்களை நான் வேறெங்கும் காணவில்லை.

அதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. தோலின் நிறத்துக்கு அடுத்ததாக அவர்களை இழிவுபடுத்த எடுத்துக்கொண்ட அடையாளம் முடிதான். நாமும் இதில் சுத்தமானவர்கள் இல்லை. சுருட்டை முடிப் பிள்ளையை 'காப்பிலி' என்று பட்டம் சொல்லி அழவைக்கும் பழக்கம் நம் வீடுகளிலும் இருக்கிறது. அந்தச் சொல்லின் வேர் 'காபிர்' என்ற அரபுச் சொல். அரபு வணிகர்களிடமிருந்து போர்த்துக்கீசர் எடுத்து, ஆபிரிக்கர்களுக்கெல்லாம் சூட்டி, நம் தீவிலும் விட்டுவிட்டுப் போனார்கள். புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் அந்த வம்சத்தவர் இன்றும் வாழ்கிறார்கள். பிலால் (ரழி) அவர்களின் பெயரைப் பிள்ளைக்கு ஆசையாக வைத்துவிட்டு, அதே பிள்ளையின் முடி சுருண்டிருந்தால் முகம் சுளிக்கிற ஆட்கள் நாம்.

கதை 1786இல் இருந்து போகிறது. அப்போது அமெரிக்காவின் லூசியானா ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. நியூ ஓர்லியன்ஸ் நகரில், அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட ஆபிரிக்க, கலப்பு வம்சாவளிப் பெண்கள் தலையை விதம்விதமாக அலங்கரித்து, இறகும் நகையும் சூடி வீதியில் நடந்தார்கள். வெள்ளைக்காரப் பெண்களுக்கு அது பொறுக்கவில்லை. எஸ்தேபான் மிரோ என்ற ஆளுநர் ஒரு கட்டளை போட்டார்: அந்தப் பெண்கள் இனி முடியைத் துணியால் கட்டி மறைக்க வேண்டும், இறகும் நகையும் கூடாது. வயலில் வேலை செய்யும் அடிமைப் பெண் கட்டும் துண்டு உங்கள் தலையிலும் இருக்கட்டும், நீங்கள் யார் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும் என்பதுதான் உள்நோக்கம். அந்தத் தலைத்துணிக்கு 'டின்யோன்' என்று பெயர்.

பெண்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தார்கள், ஆனால் தங்கள் பாணியில். நல்ல நிறமான கட்டம் போட்ட துணியை வாங்கி, மடித்து, முறுக்கி, கிரீடம் போல உயர்த்திக் கட்டினார்கள். அவமானத்துக்காகப் போட்ட துண்டு அலங்காரமாகிவிட்டது.

இந்த இடத்தில் எனக்கு வாப்பாவின் இறாக்கை ஞாபகம் வந்தது. ஏனென்றால் அந்தக் கட்டம் போட்ட துணியின் பெயர் 'மெட்ராஸ்'. சென்னையைச் சுற்றியும் பழவேற்காட்டிலும் ஆந்திரக் கரையிலும் நம் நெசவாளர்கள் நெய்த பருத்தித் துணி அது. பழவேற்காட்டை ஐரோப்பியர் 'புலிகாட்' என்றார்கள். அந்தப் பெயரிலும் கைக்குட்டைத் துணி ஏற்றுமதியானது. மலாய்க்காரர்கள் சாரத்தை 'பெலிகாட்' என்று சொல்வதும் அதனால்தான். சோழமண்டலக் கரையின் மரக்காயர்கள் இந்தத் துணிகளைக் கிழக்கே கொண்டுபோனார்கள். ஐரோப்பியக் கம்பனிகள் மேற்கே கொண்டுபோயின. மேற்கே போனதன் கதை சங்கடமானது. மேற்கு ஆபிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கப் பண்டமாற்றாகக் கொடுத்த சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணி முக்கியமானது. அப்படி விற்கப்பட்டவர்களின் பேத்திகள்தான் கரீபியன் தீவுகளிலும் லூசியானாவிலும் அதே கரைத் துணியைத் தலையில் கட்டினார்கள். இன்றைக்கும் டொமினிக்கா, சென் லூசியா, மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் பாரம்பரிய உடை 'மெட்ராஸ்' துணிதான். 1853இலும் 1854இலும் புதுச்சேரியிலிருந்து கூலிகளாக மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கப்பலேறிய தமிழர்கள், முன்பின் தெரியாத பெண்களின் தலையில் ஊர்த் துணியைக் கண்டு என்ன நினைத்திருப்பார்கள்!

அந்தத் தலைக்கட்டுகளை முதலில் வரைந்தவர்கள் ஐரோப்பியர்கள். அகொஸ்தினோ புரூனியாஸ் என்ற இத்தாலிய ஓவியர் பதினெட்டாம் நூற்றாண்டில் டொமினிக்காவிலிருந்து வரைந்த சந்தைக் காட்சிகளில் விதம்விதமான தலைக்கட்டுகள் இருக்கின்றன. பார்க்க அழகான படங்கள். ஆனால் அடிமைத் தோட்டத்தின் வியர்வை அவற்றில் தேடினாலும் கிடைக்காது.

அதைவிட முக்கியமானது பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு படம். 1800இல் மேரி கியமின் பெனுவா என்ற பிரெஞ்சுப் பெண் ஓவியர் வரைந்தது. ஓர் ஆபிரிக்கப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து நம்மை நேராகப் பார்க்கிறாள். தலையில் வெள்ளைத் துணியை அழகாகச் சுற்றிக் கட்டியிருக்கிறாள், முடி கொஞ்சமும் தெரியாது. ஆனால் மார்பின் ஒரு பக்கத்துத் துணி சரிந்து கிடக்கிறது. தலையை மூடவும் மார்பைத் திறக்கவும் அவளா சொன்னாள்? அவள் குவாதலூப்பிலிருந்து ஓவியரின் உறவினர் வீட்டுக்கு வேலைக்காரியாகக் கொண்டுவரப்பட்டவள். படத்துக்கு நெடுங்காலமாக 'ஒரு நீக்ரோப் பெண்' என்றுதான் தலைப்பு இருந்தது. 2019இல் பாரிசில் நடந்த ஒரு கண்காட்சியில்தான் 'மதலேன்' என்ற அவள் பெயரைத் தலைப்பில் போட்டார்கள்.

இந்தப் பின்னணியைத் தெரிந்துகொண்டு பார்த்தால்தான் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்த கறுப்பின ஓவியர்கள் செய்தது விளங்கும். 1969இல் பார்க்லி ஹெண்ட்ரிக்ஸ் ஓர் இளம் பெண்ணை வரைந்தார். சாதாரண உடுப்பு, முகத்தில் சிரிப்பில்லை. சுருள்முடியை நேராக்காமல், எண்ணெய் போட்டு அமுக்காமல், இயற்கையாக வட்டமாக வளர விட்டிருக்கிறாள். பின்னால் முழுவதும் தங்கத் தாள். கிறிஸ்தவத் தேவாலயப் படங்களில் புனிதர்களின் தலைக்குப் பின்னால் ஓர் ஒளிவட்டம் இருக்குமே, அந்த இடத்தில் இவளுடைய முடியே வட்டமாக நிற்கிறது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சூடாக்கிய இரும்புச் சீப்பாலும் இரசாயனப் பசைகளாலும் முடியை நேராக்கி வந்த நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

எனக்கு மிகவும் பிடித்தது கெரி ஜேம்ஸ் மார்ஷல் 2012இல் வரைந்த ஒரு பெரிய ஓவியம். 'அழகின் பள்ளி, பண்பாட்டின் பள்ளி' என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அவர் பிறந்த ஊரான அலபாமாவின் பேர்மிங்ஹாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெண்களின் சலூன் ஒன்றின் உள்பக்கம். எல்லோரும் கறுப்பினப் பெண்கள், கடும் கறுப்பாகவே வரைந்திருக்கிறார். கதைத்துக்கொண்டும் முடி கட்டிக்கொண்டும், புகைப்படத்துக்கு நிற்பது போல ஒயிலாக நின்றுகொண்டும் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் பெண்கள் அறைக்குள் இருக்கும் அந்தக் கலகலப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் தரையில், நம் பக்கமாக, நீளமாக இழுபட்டு உருக்குலைந்த ஏதோ ஒன்று மிதக்கிறது. ஓரத்தில் நின்று சாய்த்துப் பார்த்தால்தான் அது என்னவென்று புரியும். டிஸ்னி கார்ட்டூனில் வரும் தூங்கும் இளவரசியின் பொன்னிறத் தலை! பெரிய பெண்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. தரையில் நிற்கும் இரண்டு சின்னப் பிள்ளைகள் மட்டும் கவனிக்கிறார்கள். அழகு என்றால் பொன்முடி என்பதை யாரும் சத்தம் போட்டுச் சொல்வதில்லை. பெரியவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் அறைக்குள் அது மூடுபனி மாதிரி வந்து பிள்ளையின் கண்ணில் முதலில் படுகிறது. நம் வீட்டுத் தொலைக்காட்சியில் வரும் ஷாம்பூ விளம்பரத்தைப் பிள்ளைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன். மார்ஷல் மிகைப்படுத்தவில்லை.

லண்டனில் 1993இல் ஸ்டீபன் லோரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் பஸ்ஸுக்குக் காத்து நின்ற இடத்தில் இனவெறியர்களால் குத்திக் கொல்லப்பட்டார். நைஜீரியப் பெற்றோருக்கு மான்செஸ்டரில் பிறந்த கிறிஸ் ஒஃபிலி, அவருடைய தாய் டொரீனை மனதில் வைத்து 1998இல் ஒரு படம் வரைந்தார். பக்கவாட்டில் ஒரு பெண், கண்ணீர் விடுகிறாள். ஒவ்வொரு கண்ணீர்த் துளிக்குள்ளும் மகனின் முகம் சின்னதாக ஒட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பெண்ணின் பின்னல் முடியை அவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கிறார். அழுகிற தாயின் தலை கலைந்திருக்கும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம். இது ஒழுங்காகப் பின்னப்பட்ட தலை. நீதி கேட்டு வருடக்கணக்காக வெளியே இறங்கி நடந்த ஒரு தாய்க்கு அது பொருத்தம் என்று எனக்குப் பட்டது.

இனி நம் மலைக்கு வருவோம். நோட்டனிலிருந்து ஹட்டன் போய், டிக்கோயா, நோர்வூட் தாண்டிப் போனால் பொகவந்தலாவை. அங்கே சென் மேரிஸ் தேவாலயத்து மயானத்தில் ஓர் ஆங்கிலத் தம்பதி அடக்கப்பட்டிருக்கிறார்கள். கணவர், நாம் வரலாற்றுப் பாடத்தில் மனனம் செய்த கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் கமரன். மனைவி ஜூலியா மார்கரெட் கமரன், உலகப் புகழ்பெற்ற ஆரம்பகாலப் புகைப்படக் கலைஞர். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879 ஜனவரியில் டிக்கோயாவின் கிளென்கெய்ன் தோட்டத்தில் இறந்தார். அவர் ஓவியரல்ல. ஆனால் ஓவியம் போலவே புகைப்படம் எடுத்தவர், அதனால்தான் இங்கே சேர்க்கிறேன்.

இங்கிலாந்தில் அவர் எடுத்த பெண்களின் படங்களில் கூந்தல்தான் பாதிப் படம். 1872இல் அலிஸ் லிடெல் என்ற இளம் பெண்ணை, அவிழ்ந்த கூந்தல் முதுகில் வழிய, பக்கவாட்டில் எடுத்தார். அதே கமரன், தன் வீட்டு வேலைக்காரி மேரி ஹிலியரை எடுக்கும்போது பல தடவை தலையில் துணியைப் போர்த்தி, மர்யம் (அலை) அவர்களைப் போல உட்கார வைத்தார். கனவான் வீட்டுப் பெண்ணுக்கு விரித்த கூந்தல், வேலைக்காரிக்குப் புனிதமான முக்காடு. இரண்டுமே புகைப்படக்காரியின் முடிவுதான். என்றாலும் அந்த வேலைக்காரியின் பெயராவது நமக்குத் தெரியும். இலங்கையில் அவர் எடுத்ததில் முப்பதுக்கும் குறைவான படங்களே மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் உள்ள நம் நாட்டு ஆண்களும் பெண்களும் 'களுத்துறைக் குடியானவர்கள்' என்பது போன்ற தலைப்புக்குள்ளேயே நிற்கிறார்கள். பெயர் இல்லை. மதலேனுக்காவது இருநூறு வருடம் கழித்துக் கிடைத்தது.

தென்னிந்தியாவிலும் கதை அதிகம் மாறவில்லை. ராஜா ரவிவர்மாவுக்கு முதல் பெரும் பெயர் வாங்கிக் கொடுத்ததே கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் ஒரு நாயர் பெண்ணின் படம்தான். 1873இல் சென்னையில் பரிசு பெற்று வியன்னா வரை போனது. பிறகு அவர் அச்சகத்திலிருந்து வந்த படங்கள் வழியாக அந்த நீண்ட கருங்கூந்தல் கலண்டரிலும் சுவரிலும் ஏறி, தமிழ்ப் பெண் என்றால் இப்படித்தான் என்று ஆகிவிட்டது. என் வகுப்புத் தோட்டத்துப் பிள்ளைகள் அம்மாவுக்கு வரைந்த சடையும் அங்கிருந்து வந்ததுதான். உச்சி மெலிந்த அந்த அக்காவுக்கு அந்தக் கலண்டரில் இடமில்லை. தேயிலைப் பெட்டியில் இடம் உண்டு, ஆனால் அங்கே தலைத்துண்டும் கூடையும் புன்னகையுமாக. கலண்டர்காரனுக்குக் கூந்தல் வேண்டும், தேயிலைக்காரனுக்குத் துண்டு வேண்டும். அக்காவை இருவரும் கேட்கவில்லை.

எங்களையும் கேட்கவில்லை. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, 2019 ஏப்ரல் 29ஆம் திகதி, அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்தை மூடுவது தடைசெய்யப்பட்டது. சட்டத்தில் இருந்தது முகம் மட்டும். வாசல்களில் நின்றவர்கள் தலை வரைக்கும் நீட்டிக்கொண்டார்கள். ஓர் அலுவலக வாசலில் என்னையும் நிறுத்தி ஷோலைக் கழற்றச் சொன்னார்கள். முகம் முழுதாகத் தெரிகிறதே என்றேன். பின்னால் நின்ற வரிசையின் பார்வையை இன்னும் முதுகில் உணர்கிறேன். 2024இல் திருகோணமலையில் காது தெரியவில்லை என்ற காரணத்துக்காக எழுபது மாணவியரின் உயர்தரப் பெறுபேறுகள் நிறுத்தி வைக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே 2019இல்தான் கலிபோர்னியா மாநிலத்தில், பின்னலையும் சுருள்முடியையும் காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ பாகுபாடு காட்டக்கூடாது என்று சட்டம் வந்தது. ஒருத்திக்கு முடியைக் காட்டும் உரிமை, இன்னொருத்திக்கு மறைக்கும் உரிமை. எதிரெதிராகத் தெரிந்தாலும் நியூ ஓர்லியன்ஸின் அந்தப் பெண்களிடம் கேட்டால் இரண்டும் ஒரே வழக்கு என்றுதான் சொல்வார்கள்.

வெளியாட்களை மட்டும் சொல்லித் தப்பிக்க எனக்கு மனமில்லை. நம் வீட்டு ஆண்கள் பெண்களின் தலையைப் பற்றி மேடையில் பேசுவது அதிகம், பெண்களிடம் பேசுவது குறைவு. நானும் ஒரு பெண்தான். எனக்கும் ஷோல் இருக்கிறது. இருந்தும் "படந்தானே" என்று சொல்லிப் படத்தை மாட்டியவள் நான்தான். படம் நன்றாக இருந்தது, அது போதும் என்று நினைத்தேன். கமரனும் அப்படித்தான் நினைத்திருப்பார்.

அடுத்த வருடம் அந்தப் பிள்ளை மறுபடியும் உம்மாவை வரைந்தாள். இம்முறை கேட்டுவிட்டு வந்திருந்தாள். "உம்மாட கையயும் என்ட தலையயும் வரையச் சொன்னாங்க டீச்சர்." படத்தில் ஒரு சிறுமியின் பின்னந்தலை, மூன்றாகப் பிரித்த முடி, அதைப் பின்னிக்கொண்டிருக்கும் இரண்டு கைகள். ஒரு கையில் சோப்புத் தண்ணீரால் வெடித்த விரல்கள், மறு கையில் இரண்டு வளையல்கள். வாயில் கவ்வியிருந்த ரிப்பனின் நுனி மட்டும் மேலிருந்து தொங்குகிறது. அதைக் கண்காட்சியில் மாட்டினோம். அந்த உம்மா வந்து பார்த்துவிட்டு, வளையல் மூன்று இருக்க வேண்டும் என்றார். பிள்ளை அங்கேயே பிரஷ் எடுத்து மூன்றாவதைப் போட்டாள். முதல் படம் என்னவாயிற்று என்று கேட்டேன். அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருப்பதாகச் சொன்னார்.